ரோட்டினோன் போட்டும் ஈஸ்ட் சுவாசம் நிற்கவில்லை, ஏடிபியும் (செல்லின் ஆற்றல் மூலக்கூறு, ATP) குறைவு என்கிறீர்களா?

ரோட்டினோன் கெட்டுப்போகவில்லை. எலக்ட்ரான்களை ஆக்சிஜன்வரை கடத்தும் சுவாசச் சங்கிலியில், காம்ப்ளெக்ஸ் 1 என்ற முதல் புரதத் தொகுப்பைத்தான் அது தடுக்கும். அது பிடிக்கவேண்டிய இடமே உங்கள் ஈஸ்டில் இல்லை. ரொட்டி ஈஸ்டுக்கு (சாக்கரோமைசிஸ் செரிவிசியே) காம்ப்ளெக்ஸ் 1 கிடையாது. அதனால்தான் மருந்தை எவ்வளவு கூட்டினாலும் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கோடு அதே சரிவில் இறங்குகிறது.

அந்த வேலையைச் செய்வது என்டிஐ1 என்ற ஒற்றைப் புரதம். எலக்ட்ரானைச் சுமந்துவரும் என்ஏடிஎச்-இலிருந்து அதை வாங்கி, சங்கிலியின் அடுத்த கடத்தியான யூபிகுவினோனிடம் கொடுக்கும், ஆனால் ஒரு புரோட்டானைக்கூட வெளியே தள்ளாது (அப்படித் தள்ளப்படும் புரோட்டான்கள்தான் ஏடிபி தயாரிப்பை ஓட்டுகின்றன). பாடப்புத்தகக் கணக்கில் 2 எலக்ட்ரானுக்கு 10 புரோட்டான். உங்களுக்கு மிஞ்சுவது 6 (காம்ப்ளெக்ஸ் 3-இல் 4, 4-இல் 2). நீங்கள் சொன்ன ஏடிபி குறைவுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

அடுத்த ஓட்டத்தில் காம்ப்ளெக்ஸ் 3-ஐத் தடுக்கும் ஆன்டிமைசின் ஏ சேர்த்துப் பாருங்கள். கோடு படுத்துவிட்டால் சங்கிலி சரி. அப்புறம், அதை எத்தனாலில் கரைக்காதீர்கள். ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியா எத்தனாலையே எரிபொருளாக்கும். நான் இதில் ஒரு வாரம் தொலைத்தேன். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் போதும்.

ஒன்று மட்டும்: எல்லா ஈஸ்டும் இப்படியில்லை. யாரோவியா லிபோலிட்டிகாவுக்கு காம்ப்ளெக்ஸ் 1 உண்டு. குப்பியின் லேபிளை முதலில் பாருங்கள். அதோடு, ஏடிபியாக மாறும் மூலப்பொருளான அடினோசின் டைபாஸ்பேட் (ADP) தீர்ந்ததும் சுவாச வேகம் குறையாவிட்டால், பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு கசிகிறது. அப்போது இந்தக் கணக்கு பொருந்தாது.