உங்கள் டப்பா எங்கே?

கேள்வி: எனக்கு வயது 46. ஆறு மாதத்துக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். வேலைக்கும் போய்க்கொண்டு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வெளியூரில் இருக்கும் அண்ணன் போனில் விசாரிப்பார். அம்மாவின் மாத்திரைகளை ஞாயிறுதோறும் டப்பாவில் பிரித்து வைத்துவிடுவேன், ஒரு வேளைகூடத் தவறியதில்லை. இந்த அலைச்சலில் என் பிரஷர் மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகிறது, வாங்க வேண்டும். ஏழு கிலோ எடை கூடிவிட்டது. ராத்திரி தூக்கம் வராமல் எதையாவது கொறிக்கிறேன். நல்ல உணவுப் பட்டியலும் உடற்பயிற்சியும் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, பட்டியல் அப்புறம். பிரஷர் மாத்திரை தீர்ந்து பத்து நாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அம்மாவின் டப்பாவில் ஒவ்வொரு அறைக்கும் எண்ணிப் போடுகிற கைக்கு, தன் அட்டை காலியானது தெரியாமலா போகும்? பக்கவாதத்தைக் கொண்டுவரும் காரணங்களில் கட்டுப்படாத இரத்த அழுத்தத்துக்குத்தான் முதலிடம். அது வந்தால் மனிதர் என்ன ஆவார் என்பதை ஆறு மாதமாகத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அழுத்தம் ஏறினால் தலை சுற்றும், தெரிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறவும் செய்யும்.

பெற்ற தாயைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடமை. அதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. ஆனால் நாளைக்கு நீங்களும் படுத்துவிட்டால், அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க யார் இருக்கிறார்கள்? உடம்பைக் கெடுத்துக்கொள்வதைத் தியாகம் என்று எத்தனையோ பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஒருவரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை. அது அலட்சியம். உங்கள் அண்ணனையும் விடுவதாக இல்லை. போனில் விசாரிப்பதை அக்கம்பக்கத்தவரும் செய்வார்கள். மாதத்தில் இரண்டு வாரக் கடைசி அவர் வந்து அம்மாவோடு இருக்கட்டும். வர முடியாதென்றால் ஆள் வைக்கப் பணம் அனுப்பட்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அவருக்கும் அம்மாதானே.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. தூக்கத்தைச் சரிசெய்யாமல் வாயைக் கட்ட முடியாது. மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். குடித்த காபியின் வீரியத்தில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ராத்திரி நீங்கள் பிரிக்கும் பாக்கெட்டுகளே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அவற்றை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். உங்களுக்கென்று தனிப் பட்டியல் எதற்கு? அம்மாவுக்கு உப்பும் எண்ணெயும் குறைத்துச் சமைக்கிறீர்கள் அல்லவா, அதையே அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சாப்பிடும் நேரத்தில் நீங்களும் சாப்பிடுங்கள். பசியோடு ராத்திரி பதினொரு மணிக்குச் சமையலறையில் நிற்க மாட்டீர்கள்.

உடற்பயிற்சி என்றால் இப்போதைக்கு நடைதான். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும். பேச முடிய வேண்டும், பாட மூச்சு வரக் கூடாது, அந்த வேகம். முன்பெல்லாம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது சேர்ந்தாற்போல் நடந்தால்தான் கணக்கு. 2020இல் அந்தக் கட்டுப்பாட்டை உலக சுகாதார நிறுவனம் எடுத்துவிட்டது. அம்மா கண்ணயரும்போது வாசலில் ஏழு நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். எடை தூக்குவதெல்லாம் டாக்டர் சரி என்ற பிறகு.

அந்த டாக்டரை இன்றைக்கே பாருங்கள். பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி நீங்களாக விழுங்காமல், பத்து நாள் விட்டுவிட்டேன் என்று மறைக்காமல் சொல்லி, அழுத்தத்தை அளந்து பார்த்து ஆரம்பியுங்கள். திரும்பி வரும்போது ஏழு அறை உள்ள இன்னொரு டப்பா வாங்கி அம்மாவின் டப்பாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அதை முதலில் நிரப்பிவிட்டு, அப்புறம் அம்மாவுடையதை எடுங்கள்.