அடுப்புக்கரி போட்டால் மண்ணில் கார்பன் கூடுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் நெல் வயல். மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கார்பன் 0.4 சதவீதம், குறைவு என்று போட்டிருக்கிறது. கார்பன் என்றால் கரிதானே, அடுப்புக்கரியும் சாம்பலும் போட்டால் கூடுமா? போன வருடம் குறுவை வைக்கோலை மடக்கி உழுது உடனே தாளடி நட்டேன். பயிர் வெளுத்து மஞ்சளாகிவிட்டது. அது ஏன்?

பதில்: வணக்கம் ஐயா. அட்டையில் உள்ள அங்ககக் கார்பன் என்பது மக்கிய செடி, எரு போன்றவற்றில் இருக்கும் கார்பன். சாம்பலில் நீங்கள் தேடும் கார்பன் இல்லை. எரியும்போதே புகையோடு போய்விட்டது. மிஞ்சியது சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) சுண்ணாம்பும்தான். கரியில் கார்பன் நிறைய உண்டு, ஆனால் நுண்ணுயிர்களால் அதைச் சுலபமாகத் தின்ன முடியாது.

கார்பன் அணு ஒவ்வொன்றும் நான்கு பிணைப்புகள் போடும். தன் இனத்தோடு நீளமாகக் கோத்துக்கொள்ளும், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜனையும் சேர்த்துக்கொள்ளும். சர்க்கரை, மாவுச்சத்து, நார், புரதம் எல்லாம் இப்படி அமைந்தவையே. நெற்பயிர் இந்தக் கார்பனை இலை வழியாகக் காற்றிலிருந்து எடுக்கிறது, வெயிலின் சக்தியை அந்த மூலக்கூறுகளில் சேர்த்து வைக்கிறது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு அதுதான் சாப்பாடு. யூரியாவிலும் கார்பன் இருக்கிறது, எடையில் 20 சதவீதம்! ஆனால் அதில் சக்தி கிடையாது; கரியமில வாயுவாகப் பறந்துவிடும்.

மஞ்சளுக்கு வருகிறேன். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 60 முதல் 80 பங்கு கார்பன். நுண்ணுயிரின் உடம்புக்கோ ஏறக்குறைய எட்டுப் பங்கு கார்பனுக்கே ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். பற்றாத தழைச்சத்தை அது மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ள, உங்கள் நாற்று பட்டினி கிடந்தது. தேங்கிய நீரில் வைக்கோல் அழுகும்போது உண்டாகும் அமிலங்களும் வேரைக் கெடுத்திருக்கும்.

இனி வைக்கோலை மடக்கும்போதே ஏக்கருக்கு 9 அல்லது 10 கிலோ யூரியா போட்டு உழுங்கள். நடவுக்கு இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். அவ்வளவு நாள் கிடைக்காது என்றால் வைக்கோலைக் கட்டிக் கொண்டுபோய் மாட்டுக்கோ எருக்குழிக்கோ கொடுத்துவிடுவதே நல்லது. கோடையில் ஈரம் கிடைத்தால் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். அது இளசு, சீக்கிரம் மக்கும். அதை மக்க வைக்கத் தனியாக யூரியா வேண்டாம். தொழுவுரம் ஏக்கருக்கு 5 டன் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரே வருடத்தில் அட்டை மாறிவிடாது. ஒரு ஏக்கரின் மேல் அரை அடி மண் சுமார் 900 டன். 0.1 சதவீதம் கூட வேண்டுமானால் 900 கிலோ கார்பன் மண்ணில் தங்க வேண்டும். ஒரு டன் வைக்கோலில் இருப்பதே 400 கிலோ. அதிலும் பெரும்பகுதி காற்றுக்குத் திரும்பிவிடும். மூன்று வருடம் செய்துவிட்டு, இதே வயலில் இதே பருவத்தில் மறுபடி மண் எடுத்துக் கொடுங்கள்.