வினிகரும் தேனும்: புல் அறுத்தவர்களின் ஸ்விட்செல் (கேள்வி பதில்)

ஸ்விட்செல் என்றால் என்ன சார்?

அமெரிக்காவின் வடகிழக்கில், வெர்மான்ட் பக்கத்துப் பண்ணையாட்கள் குடித்த பானம். தண்ணீர், வினிகர், இனிப்பு, இஞ்சி, அவ்வளவுதான். ஜூலை வெயிலில் நீளப்பிடி அரிவாளால் நாள் முழுக்கப் புல் அறுத்துக் காயவைத்து, மழை வருமுன் கொட்டகையில் சேர்த்தாக வேண்டும். பனிக்காலத்தில் மாட்டுக்கு அதுதான் தீனி. அந்த நேரத்தில் ஜாடியை ஓடைத் தண்ணீரில் அமிழ்த்திக் குளிரவைத்துக் குடிப்பார்கள்.

தேன்தான் போடவேண்டுமா?

கையில் கிடைத்த இனிப்பைப் போட்டார்கள். அதிகம் புழங்கியது மொலாசஸ், அதாவது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகு. கரீபியத் தீவுகளிலிருந்து வந்தது. மேப்பிள் பாகும் உண்டு. ஆனால் தேன்–வினிகர் ஜோடி அதைவிட ரொம்பப் பழசு. கிரேக்கர்களுக்கு அது ஆக்ஸிமெல் என்ற மருந்து. ஈரானில் சிகஞ்சபீன், புதினா போட்டுக் காய்ச்சி, லெட்டூஸ் இலையை அதில் தொட்டுச் சாப்பிடுவார்கள்.

அண்ணா, அளவு சொல்லுங்க.

1 லிட்டர் தண்ணீருக்கு ஆப்பிள் சிடர் வினிகர் 3 மேசைக்கரண்டி, தேன் 3, விரல் நீள இஞ்சி துருவியது. தேனை முதலில் வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள், இல்லாவிட்டால் அடியில் தங்கிவிடும். ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் வடிகட்டுங்கள். முதல்முறை வடிகட்டாமல் குடித்து, இஞ்சி நார் தொண்டையில் மாட்டி இருமித் தீர்த்தேன். பித்தளைச் சொம்பு வேண்டாம், வினிகர் அரித்துவிடும்.

வெள்ளை வினிகர்?

குடிக்கலாம். ருசி இருக்காது.

எலக்ட்ரோலைட் பானம், அதாவது உடல் இழந்த உப்புகளை ஈடுகட்டும் பானம் என்கிறார்களே?

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வியர்வையில் முக்கியமாகப் போவது உப்பு. இதில் உப்பே இல்லையே! வெயிலில் தலைசுற்றினால் நிழலில் உட்கார்ந்து ஓஆர்எஸ் குடியுங்கள். இதன் வேலை வேறு: புளிப்பும் காரமும் இருந்தால் வெறும் தண்ணீரைவிட இரண்டு மடக்கு அதிகம் இறங்கும். தவிர, உடல் சூட்டோடு குளிர்ந்த நீரை மடமடவென்று குடித்தால் வயிற்றைப் பிடிக்கும் என்ற பயம் அப்போது இருந்தது. இஞ்சி போட்டது அதற்காகத்தான்.

நம்ம பானகம் மாதிரியே இருக்கே?

முறை ஒன்றுதான். இங்கே வெல்லம், எலுமிச்சை, சுக்கு. வெர்மான்ட் குளிரில் எலுமிச்சை ஏது? ஆப்பிள் கொட்டிக் கிடந்தது, அதைப் புளிக்கவைத்தார்கள்.

தினமும் குடிக்கலாமா? குழந்தைக்கும் தரலாமா?

வினிகர் பல் எனாமலைத் தேய்க்கும். குடித்ததும் வாய் கொப்பளியுங்கள். வயிற்றுப்புண், சர்க்கரை இருந்தால் டாக்டரைக் கேளுங்கள். 1 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது.