உருகாத சொக்லேட் இனிப்பு, பாலும் இல்லாமல்

கேள்வி: எங்கள் மகனுக்கு ஆறு வயது. பசுப்பாலின் புரதம் அவனுக்கு ஒவ்வாமை என்று டொக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். பால், தயிர், பட்டர் எதுவும் கொடுப்பதில்லை. ஆனால் வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் சொக்லேட் கொடுக்கிறார்கள். இவன் வாங்கி வந்து என் கையில் தந்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பான். யூடியூப் பார்த்துத் தேங்காய் எண்ணெயும் கொக்கோவும் சேர்த்து நானே சொக்லேட் செய்தேன். பிரிட்ஜில் கல் மாதிரி இருந்தது. சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து அனுப்பினேன், இடைவேளைக்குள் குழம்பாகிவிட்டது. அடுத்த மாதம் அவனுக்குப் பிறந்தநாள். வகுப்பில் 36 பிள்ளைகள். பால் இல்லாமல், உருகாமல், சுலபமாக என்ன செய்யலாம்? மாமி, "கொஞ்சம் நெய் விட்டால் இறுகி வரும், ஒன்றும் செய்யாது" என்று சொல்கிறா. விடலாமா?
ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதுதான் அவசரம். நெய் வேண்டாம். ஒரு சொட்டும் வேண்டாம். பாலிலிருந்து கொழுப்பை மட்டும் பிரித்து எடுத்ததுதானே நெய், அதில் பால் எங்கே இருக்கிறது என்று மாமி நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உருக்கிய நெய்யில் புரதம் முற்றாகப் போய்விடுவதில்லை. எவ்வளவு வடித்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பால் குடித்தால் வயிறு ஊதி வயிற்றோட்டம் போகிறவர்கள் வேறு வகை. அவர்களுக்கு ஒத்துவராதது பாலிலுள்ள லக்ரோஸ் என்ற சீனி. கொஞ்ச நெய் பெரும்பாலும் அவர்களை ஒன்றும் செய்யாது. மாமி பார்த்துப் பழகியது அப்படிப்பட்ட ஆட்களாக இருக்கலாம். உங்கள் பிள்ளைக்கு ஒத்துவராதது புரதம். அதில் இவ்வளவு பரவாயில்லை என்று வீட்டில் நாங்களாக ஓர் அளவு வைக்க முடியாது. அதே காரணத்தால் ஆட்டுப்பாலும் எருமைத் தயிரும் சரிவராது, அந்தப் புரதங்கள் பசுப்பாலின் புரதத்துக்கு அவ்வளவு நெருக்கம். வீட்டில் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம், அது டொக்டர் முன்னிலையில் செய்கிற வேலை. தெரியாமல் எதையாவது சாப்பிட்டு முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

சரி, இனி உருகின கதை. உங்கள் கைப்பக்குவத்தில் பிழை இல்லை. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். திருகோணமலையில் பெரும்பாலான இரவுகளில்கூட வெப்பம் அதற்குக் கீழே இறங்குவதில்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகலில் 34, 35 என்று நிற்கும். கடையில் விற்கும் நல்ல சொக்லேட்டில் இருப்பது கொக்கோ வெண்ணெய். பெயரில்தான் வெண்ணெய், மற்றபடி அது கொக்கோ விதையின் கொழுப்பு, பாலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது உருகுவது 34 பாகை அளவில். அதனால்தான் வாயில் வைத்ததும் கரைகிறது, எங்கள் ஊர் மத்தியான பஸ்ஸில் பையோடு வைத்தாலும் கரைகிறது. அந்தத் தேங்காய் எண்ணெய்ச் செய்முறைகள் எல்லாம் குளிர்ந்த வீடுகளுக்கு எழுதியவை.

ஆக, பாலை விடுவது பெரிய காரியமே இல்லை. எதை நம்பி இறுக வைக்கிறோம் என்பதுதான் விஷயம். எண்ணெயை நம்பினால் பிரிட்ஜை விட்டு வெளியே வர முடியாது. சீனிப் பாகையோ பேரீச்சம்பழத்தையோ நம்பினால் வெயிலிலும் நிற்கும். எங்கள் பலகாரங்களையே பாருங்களேன். எள்ளுருண்டை, பயற்றம் உருண்டை, அரியதரம், தொதல். வழமையான செய்முறையில் ஒன்றிலும் பால் கிடையாது, ஒன்றும் வெயிலில் உருகி ஓடுவதும் இல்லை. அந்த வழியில் கொக்கோவைச் சேர்த்தால் போதும்.

கடையில் வாங்கும்போது சில விஷயம். இனிப்பில்லாத தனிக் கொக்கோத் தூளாகப் பார்த்து வாங்குங்கள். "ட்ரிங்கிங் சொக்லேட்" என்று இருப்பதில் சீனி இருக்கும், சிலவற்றில் பால்மாவும் இருக்கும். மைலோ போன்ற பானத் தூள்கள் கொக்கோ அல்ல, அவற்றில் பால் உண்டு. வெள்ளைச் சொக்லேட் கேட்கவே வேண்டாம். பைக்கற்றின் பின்பக்கத்தில் மில்க் சொலிட்ஸ், வே பவுடர், கேசின், கேசினேற், பட்டர் ஒயில் என்று எது இருந்தாலும் அது பால்தான். மாஜரினிலும் சிலவற்றில் வே கலந்திருக்கும். யாரும் சந்தேகப்படாத ஒன்று தேங்காய்ப் பால்மா. கொழுப்பு பிரியாமல் தூளாக வரப் பல கம்பனிகள் அதில் சோடியம் கேசினேற் சேர்க்கிறார்கள், அதுவும் பாலிலிருந்து வருவதுதான். தேங்காய் விற்கிற விலையில் இதைச் சொல்ல எனக்கே மனமில்லை, ஆனாலும் உங்கள் வீட்டில் தேங்காயைத் துருவிப் பிழிவதுதான் பாதுகாப்பு.

பிறந்தநாளுக்கு நான் சொல்வது கொக்கோ போட்ட தேங்காய் ரொபி. ஒரு பெரிய தேங்காய் துருவினால் ஏறக்குறைய இரண்டு கப் பூ வரும். சிரட்டையோடு ஒட்டிய கபில நிறப் பகுதியும் சேர்ந்து வந்தால் கவலை வேண்டாம், கொக்கோவின் நிறத்தில் அது தெரியாது. வெள்ளை ரொபிக்குத்தான் அந்தப் பார்வை எல்லாம். ஒன்றரைக் கப் சீனி, அதாவது 300 கிராம் அளவு, அரைக் கப் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி கொக்கோ, ஒரு சிட்டிகை உப்பு. வேறு ஒன்றும் தேவையில்லை. வனிலா இருந்தால் சில சொட்டு விடலாம்.

தொடங்க முன்னமே ஒரு தட்டில் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். பிறகு தேடிக்கொண்டு நிற்க நேரம் இராது. கொக்கோவை அரித்து வையுங்கள், அரிக்காமல் கொட்டினால் கட்டி கட்டியாக நின்று, கடிக்கும்போது கசக்கும். அடி கனமான தாச்சியில் சீனியையும் தண்ணீரையும் விட்டு நடுத்தர நெருப்பில் கொதிக்க விடுங்கள். ஒரு சொட்டை எடுத்து ஆற விட்டு இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் கம்பி மாதிரி வர வேண்டும். அப்போது தேங்காய்ப்பூவைப் போட்டு, கையை எடுக்காமல் கிண்டுங்கள். முதலில் தண்ணீராக இளகும். பயப்பட வேண்டாம், அது தேங்காயின் ஈரம். எட்டுப் பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல இறுகி, அகப்பையைச் சுற்றி ஒன்றாகத் திரளத் தொடங்கும்.

இங்கேதான் கண் வைக்க வேண்டும். தாச்சியின் ஓரத்தில், கலவை பட்டு விலகிய இடத்தில், சீனி வெள்ளையாகப் பூத்துக் காயும். சாதாரண தேங்காய் ரொபிக்கு அந்தப் பூ நன்றாகத் தெரிந்த பிறகு இறக்குவோம். இதற்கு அவ்வளவு நேரம் விடக் கூடாது. ஓரம் வெளுக்கத் தொடங்கியதுமே நெருப்பைக் குறைத்துவிட்டுக் கொக்கோவையும் உப்பையும் தூவுங்கள். கொக்கோ காய்ந்த தூள், தன் பங்குக்கு ஈரத்தை உறிஞ்சும். முழுப் பதம் வந்த பிறகு அதைப் போட்டால் உதிர்ந்து புட்டு மாதிரி ஆகிவிடும். ஒரு நிமிடம் வேகமாகக் கிண்டி, நிறம் ஒரே சீராக வந்ததும் தட்டில் கொட்டுங்கள். கொக்கோ போட்ட பிறகு நெருப்பில் அதிகம் வைத்தால் அடிப்பிடித்துக் கசந்துபோகும்.

ஒரு துண்டு வாழையிலையில் எண்ணெய் பூசி, அதை மேலே வைத்து உள்ளங்கையால் அழுத்தி மட்டப்படுத்துங்கள். ஐந்து நிமிடம் ஆற விட்டு, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட வேண்டும். முற்றாக ஆறிய பிறகு வெட்டினால் துண்டு விழாது, தூள்தான் விழும். கோட்டின் வழியே பிரிப்பது ஆறின பிறகு. உதிர்ந்து போனால் ஓரிரு மேசைக்கரண்டி சுடுதண்ணீர் தெளித்து மறுபடியும் நெருப்பில் வைத்துக் கிண்டுங்கள், சேர்ந்து வரும். இறுகாமல் பிசுபிசுத்தாலும் அதே வைத்தியம்தான், தண்ணீர் மட்டும் விடாமல். நன்றாக மூடிய பேணியில் மூன்று நாள் வெளியே இருக்கும். மாரி காலத்தில் காற்றின் ஈரம் பட்டுச் சீனி கசியும், அந்த நாட்களில் பேணியைத் திறந்து வைத்துவிட்டுப் போக வேண்டாம்.

நெருப்பே வேண்டாம் என்றால் பேரீச்சம்பழ உருண்டை. கொட்டை எடுத்த பழம் 200 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் 100 கிராம், கொக்கோ இரண்டு மேசைக்கரண்டி, சிட்டிகை உப்பு. கச்சானைத் தனியே கொரகொரப்பாக அரைத்து எடுத்துவிட்டு, பழத்தை அரைத்து, எல்லாவற்றையும் பிசைந்து உருட்டினால் வேலை முடிந்தது. பழம் வரண்டு இருந்தால் நீத்துப்பெட்டியில் ஐந்து நிமிடம் ஆவி பிடித்தால் மெதுமையாகிவிடும். அரைக்கும்போது தண்ணீர் விடாதீர்கள், தண்ணீர் பட்டால் சீக்கிரம் பழுதாகும். வறுத்த தேங்காய்ப்பூவில் புரட்டி எடுத்தால் கையில் ஒட்டாது. சீனி சேர்க்காத இந்த உருண்டையைத்தான் நாளாந்தம் சாப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்வேன். வகுப்புக்கு வேண்டாம். கச்சான் ஒத்துவராத பிள்ளை அங்கே யாராவது இருக்கலாம், உங்கள் வீட்டில் இருக்கிற கவலையை இன்னொரு வீட்டுக்கு ஏன் அனுப்புவான்?

எள்ளுருண்டை இடிக்கிற வீடாக இருந்தால், ஒரு தடவை சர்க்கரையோடு ஒரு மேசைக்கரண்டி கொக்கோவும் சேர்த்து இடித்துப் பாருங்கள். எள்ளின் இலேசான கசப்பும் கொக்கோவின் கசப்பும் நன்றாகச் சேரும். பால் குடிக்காத பிள்ளைக்கு எள்ளில் இருக்கும் கல்சியமும் உதவும். முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலியும் அப்படித்தான், ஆனால் அதைச் சொக்லேட்டில் போட முடியாது. தொதலிலும் கொக்கோ அருமையாக இருக்கும், ஆனால் நீங்கள் கேட்டது சுலபமானது. தாச்சிக்கு முன்னால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று கிண்டுவதை நான் சுலபம் என்று எழுதினால் வாசகிகள் சும்மா விட மாட்டார்கள்.

உண்மையான சொக்லேட்டே வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டால், வீட்டில் இருந்து சாப்பிட ஒன்று சொல்கிறேன். டார்க் சொக்லேட் 200 கிராமைச் சிறிதாக நறுக்கி ஒரு கோப்பையில் போடுங்கள். தேங்காயின் கெட்டியான முதற்பால் 100 மில்லிலீட்டரைக் கிண்டிக்கொண்டே சூடாக்கி, ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்குங்கள். பொங்கக் கொதித்தால் பால் திரைந்து எண்ணெய் பிரியும். அதைச் சொக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து கலக்கினால் பளபளவென்று வரும். பிரிட்ஜில் மூன்று மணித்தியாலம் வைத்து, கரண்டியால் எடுத்து உருட்டி, கொக்கோத் தூளில் புரட்டுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்ததால் இரண்டு நாளுக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. டார்க் சொக்லேட்டில் பால் சேர்க்காவிட்டாலும், பலவற்றைப் பால் சொக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில் செய்திருப்பார்கள். "பால் கலந்திருக்கலாம்" என்று பைக்கற்றில் இருந்தால் உங்கள் மகனுக்கு அது வேண்டாம். அப்படி எழுதாவிட்டாலும் பால் கலந்திருக்கலாம், ஆகவே பால் இல்லை என்று தெளிவாக எழுதிய ஒன்று கிடைக்கும் வரை கொக்கோத் தூளோடு நில்லுங்கள்.

பிறந்தநாளுக்கு முந்திய நாள் பின்னேரம் ரொபியைச் செய்யுங்கள். ஓர் அங்குலத் துண்டாக வெட்டினால் ஒரு தேங்காய்க்கு 25 அளவில் வரும், ஆகவே இரண்டு தேங்காய் வேண்டும். இரண்டையும் ஒரே தாச்சியில் போடாதீர்கள். கிண்டவும் முடியாது, அடியும் பிடிக்கும். ஒன்று முடிந்த பிறகு மற்றது. தாச்சி, அகப்பை, தட்டு எல்லாம் நெய்யும் பாலும் படாதவையாக இருக்கட்டும். நெய்த் தோசை சுட்ட அகப்பையைச் சும்மா துடைத்துவிட்டு எடுக்க வேண்டாம், சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். துண்டுகளை எண்ணெய்க் கடதாசியில் தனித்தனியாகச் சுற்றுங்கள். கிண்டுகிற வேலையை மாமியிடமே கொடுத்துவிடுங்கள், பாகு பதம் உங்களையும் என்னையும் விட அவருக்கு நன்றாகத் தெரியும், நெய்ப் பேச்சும் அதோடு முடியும். வகுப்பு ரீச்சரிடம் முதல்நாளே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இந்த முறை எல்லோருக்கும் கொடுப்பதையே அவனும் சாப்பிடலாம், தனியாக எடுத்து வைக்கத் தேவையில்லை என்று.