பாலூட்டும் தாய்மாரின் கருத்தடைக் கேள்விகள்

கிண்ணியா வாசகி: பிள்ளைக்கு நாலு மாதம். தாய்ப்பால் மட்டும்தான். மாதவிடாய் வரவில்லை. கருத்தடை வேண்டுமா?

இரவிலும் பால் கொடுத்தால் இப்போதைக்கு வேண்டாம். 100 பேரில் 98 பேருக்கு இது போதும். பால்மா தொடங்கினாலோ, மாதவிடாய் வந்தாலோ, ஆறு மாதம் முடிந்தாலோ இந்தக் காவல் போய்விடும். அதன்பிறகு மாதவிடாய்க்காகக் காத்திருக்காதீர்கள். முட்டை அதற்கு முன்பே வெளிவரும்.

மூதூர் வாசகி: பாலூட்டுகிறேன். அக்காவின் குளிசையைப் போடலாமா?

பிள்ளையின் வயதை எழுதவில்லையே! வயதில்லாமல் கேட்டால் என்ன சொல்வது? எத்தனை முறை சொல்லிவிட்டேன்.

போன கிழமை ஒரு தாய் கைப்பையிலிருந்து குளிசை அட்டையை எடுத்து நீட்டினார். ஐந்து குளிசை போட்டாயிற்று. கடைசி வரிசையில் பழுப்பு நிறத்தில் ஏழு இரும்புக் குளிசைகள். மடியில் இரண்டு மாதப் பிள்ளை. அது ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டரோன் என்ற இரண்டு ஹோர்மோன்களும் சேர்ந்த கூட்டுக் குளிசை. பாமசியில் கேட்டதும் கொடுத்திருக்கிறார்கள், "பால் கொடுக்கிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். பிரசவித்து ஆறு வாரத்துக்குள் கூட்டுக் குளிசை வேண்டவே வேண்டாம். இரத்தம் உறையும் ஆபத்து அப்போது அதிகம். ஆறு மாதம் வரையிலும் தவிருங்கள், பால் குறையலாம். குறைந்தால் வீட்டில் பால்மா கரைக்கத் தொடங்குவார்கள், பழி தாயின் மேல் விழும்.

உங்களுக்கு உரியது புரொஜெஸ்டரோன் மட்டும் உள்ள குளிசை. இடைவெளி விடாமல், தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். சில வகைகள் மூன்று மணித்தியாலம் பிந்தினாலே பலன் குறையும். அக்காவின் அட்டையை அக்காவிடமே கொடுத்துவிட்டு, உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைப் பாருங்கள். பிள்ளையின் வயதைச் சொல்லுங்கள்.

உப்புவெளி வாசகி: ஊசி போட்டால் பால் வற்றுமா?

வற்றாது. ஆறு வாரம் கழித்துத் தொடங்குங்கள், மூன்று மாதத்துக்கு ஒன்று. இரத்தப்போக்கு ஒழுங்கு மாறும், பயம் வேண்டாம். ஆனால் ஊசியை நிறுத்திய பின் கரு தங்கப் பல மாதங்கள் செல்லலாம். அடுத்த பிள்ளைக்கு அவசரம் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

நிலாவெளி வாசகி: சிசேரியன் செய்தவர் கருப்பைக்குள் லூப் வைக்கலாமா?

வைக்கலாம். சத்திரசிகிச்சை மேசையிலேயே, அல்லது 48 மணித்தியாலத்துக்குள் வைப்பார்கள். தவறினால் நாலு வாரம் பொறுங்கள். செப்பு லூப் சுமார் 10 வருடம் காக்கும், பாலைத் தொடாது.

குச்சவெளி வாசகி: நேற்று ஆணுறை கிழிந்துவிட்டது. பிள்ளைக்கு எட்டு மாதம்.

கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் நேரமா இது? அவசரக் குளிசையை 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், முந்தினால் நல்லது. இதை வாசிக்கும்போது அந்த நேரம் கடந்திருக்கும். மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.