காலையில் மட்டும் குளுக்கோஸ் கொன்ட்ரோல் இறங்கினால்

வணக்கம். நுவரெலியா ஆய்வுகூடத்தில் காலையில் கொன்ட்ரோல் (பெறுமானம் முன்பே தெரிந்த சோதனை மாதிரி) 92, 93 என விழுகிறது, மத்தியானம் சரியாகிறது, எல்லைக்குள் வரும்வரை திரும்ப ஓட்டச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்தத் திரும்ப ஓட்டுவதை விடுங்கள். இடை 100, நியம விலகல் 3 என்கிறீர்கள். அப்படியானால் எல்லை (இடையிலிருந்து இருபக்கமும் இரண்டு நியம விலகல்) 94–106. அடுத்தடுத்த இரண்டு பெறுமானங்கள் ஒரே பக்கம் அதைத் தாண்டினால் கொன்ட்ரோலை மதிப்பிடும் வெஸ்ட்கார்ட் விதிப்படி அது முறைசார் வழு, அதாவது பெறுபேறுகளை ஒரே பக்கம் சாய்க்கும் பிழை. மூன்றாம் முறை உள்ளே வந்தாலும் வழு அங்கேயேதான் இருக்கும்; நோயாளிகளின் பெறுபேறும் குறைவாகவே போகும்.

கொன்ட்ரோல் கரைத்ததில் நீர் கூடியிருந்தால் மத்தியானமும் குறைந்திருக்கும். ஆகவே எனக்குச் சந்தேகம் குளிரில்தான். பல குளுக்கோஸ் ஒக்சிடேஸ் கிட்டுகளில் (நொதியால் குளுக்கோஸை அளக்கும் ரீஏஜென்ட் தொகுப்பு) தாக்க நேரம் 37 பாகையில் 10 நிமிடம், அல்லது 20–25 பாகையில் 20 நிமிடம் என்றிருக்கும். உங்கள் ஊர்க் காலைக் குளிரில் அறை அந்த அளவுக்கு வராது. தாக்கம் முடியுமுன்னே வாசிக்கிறீர்கள். முன்பு ஸ்டாண்டர்ட் (செறிவு தெரிந்த கரைசல்) ஓட்டிக் கண்ட பழைய ஃபக்டரை, அதாவது வாசிப்பைக் குளுக்கோஸ் அளவாக மாற்றும் பெருக்கெண்ணை, வைத்துக் கணக்கிட்டால் அந்தக் குறைவு அப்படியே பெறுபேற்றில் ஏறிவிடும்.

ரீஏஜென்டைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து முன்கூட்டியே வெளியே எடுங்கள். வாட்டர் பாத் திரையை நம்பாமல் நீருக்குள் வெப்பமானி வைத்து 37 என்று உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஸ்டாண்டர்ட் ஓட்டுங்கள். கொன்ட்ரோல் பெறுமானங்களை நாளாந்தம் குறிக்கும் லெவி-ஜெனிங்ஸ் வரைபடத்தில் புள்ளியோடு நீரின் வெப்பநிலை, லொட் (உற்பத்தித் தொகுதி) இலக்கம், செய்த திருத்தம் மூன்றையும் எழுதுங்கள். விழுந்த புள்ளியை அழிக்க வேண்டாம்.

கடைசியாகச் சரியாக வந்த கொன்ட்ரோலுக்குப் பின் வெளியான பெறுபேறுகளை மீளப் பரிசோதிக்க வேண்டும். குளுக்கோஸ் சிதைவதைத் தடுக்கும் ஃபுளோரைட் குழாயில் எடுத்த, அல்லது இரத்தக் கலங்களை உடனே பிரித்த மாதிரியைத்தான் பாவியுங்கள். பிரிக்காத இரத்தத்தில் அறை வெப்பநிலையில் மணிக்கு 5–7 வீதம் குளுக்கோஸ் குறையும்.