பக்கத்தில் வீடே இல்லை, சிக்னலைக் கெடுப்பது யார்?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டத்தில் சின்ன வீடு. கேட்டில் வைஃபை கேமரா, வீட்டுக்குள் 4ஜி ரூட்டர். பகலில் படம் நன்றாக வருகிறது, இருட்டினால் விட்டு விட்டு வருகிறது. சுற்றுவட்டாரத்தில் வேறு வைஃபையே கிடையாது. எது குறுக்கிடுகிறது?

பதில்: இருட்டினால்தான் என்கிறீர்களே, என் சந்தேகம் முதலில் கரண்ட் மேல்தான். ராத்திரியில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கூடுதல் கரண்ட் இழுக்கும். நண்பர் தோட்டத்தில் 12 வோல்ட் அடாப்டரை வீட்டில் செருகி, டெலிபோன் ஒயரில் 30 மீட்டர் இழுத்திருந்தார்கள். கேமரா முனையில் பகலில் 11 வோல்ட் இருந்தது. விளக்கு எரிந்ததும் 10-க்குக் கீழே போய்விட்டது. கேமரா அணைவதும் எழுவதுமாக இருந்தது. மனிதர் அதற்குள் இரண்டு ரூட்டர் மாற்றிவிட்டார்!

கேமராவில் மெமரி கார்டு இருந்தால் ராத்திரிப் பதிவைப் பாருங்கள். அதிலும் இடைவெளி விழுந்திருந்தால் கரண்ட் கோளாறுதான். தடித்த ஒயர் போடுங்கள், அல்லது அடாப்டரைக் கேமரா பக்கத்தில் மழை படாத பெட்டிக்குள் வையுங்கள்.

பதிவு முழுதாக இருக்கிறதா? அப்படியானால் ராத்திரியில் வீட்டு வைஃபையிலேயே போனை இணைத்துப் பாருங்கள். அங்கே படம் சரியாக ஓடி, வெளியூரில் இருந்து பார்த்தால் மட்டும் நின்றால், அது டவர் நெரிசல். படத்தின் தரத்தைக் குறைப்பது தவிர பெரிதாக வழியில்லை.

வீட்டிலேயே நின்றால்தான் குறுக்கீடு. அதுவும் பெரும்பாலும் நம் வீட்டுச் சரக்கு. இங்கே 4ஜி ஓடும் அலைவரிசைகளில் ஒன்று 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரை. வைஃபையின் 1-ஆம் சேனலுக்கு நடு அலைவரிசை 2412. இவ்வளவு நெருக்கமான இரண்டும் ஒரே ரூட்டருக்குள் இருந்தால் உரசத்தான் செய்யும். ரூட்டர் அமைப்பில் 'ஆட்டோ'வை எடுத்துவிட்டு சேனல் 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பக்கத்தில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் இருந்தால் தள்ளி வையுங்கள், அதன் இரைச்சலும் இதே அலைவரிசையில்தான் விழும். அப்புறம், ரூட்டரைத் தகரச் சுவருக்குப் பின்னால் வைக்காமல் கேட்டைப் பார்த்த ஜன்னலுக்குக் கொண்டு வாருங்கள். கேமரா இருக்கும் இடத்தில் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) அல்லது பூஜ்யத்துக்கு இன்னும் நெருக்கமாக இருந்தால் போதும். மழையில் நனைந்த இலைகளும் கொஞ்சம் தின்னும், அதற்கும் இடம் விடுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் 100 மீட்டருக்குள் நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடலாம். ஆனால் மலையில் இடி அதிகம். சர்ஜ் (திடீர் மின்பாய்ச்சல்) பாதுகாப்பு இல்லாமல் இழுக்காதீர்கள்.